மெத்தையின் மென்மையும் சூடும்: உம்மாவின் படுக்கையிலிருந்து சில குறிப்புகள்

உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து, வலது பக்கம் இயங்காமல், வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில் நான் முதலில் செய்த காரியம் ஒரு மெத்தை வாங்கியதுதான். மேல் மாகாணத்தில் ஒரு மெத்தைத் தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் 16 வருடம் வேலை செய்தவன் நான். மெத்தையைப் பற்றி எனக்கு ஒருவர் சொல்லித்தர வேண்டுமா என்ற எண்ணம் உள்ளுக்குள் இருந்தது. கடையில் இருந்ததிலேயே விலை கூடியதை, மேலே கை வைத்தால் ஜில்லென்று குளிர்ந்ததைத் தேர்ந்தெடுத்தேன். ஊருக்குக் கொண்டுவந்து கட்டிலில் போட்டு, உம்மாவைத் தூக்கிக் கிடத்தினோம்.

மூன்றாம் நாள் உம்மா சொன்னார்: "இது மெத்தையா மகன், அடுப்பா? முதுகெல்லாம் வேகுது. என்ட பாயைக் கொண்டு வா."

நோயாளியின் பேச்சு என்று விட்டுவிட்டேன். பதினோராம் நாள், உடம்பு துடைக்கும்போது ராத்தா என்னைக் கூப்பிட்டா. முதுகின் அடியில், வால் எலும்புக்கு நேரே, உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்த தாதி அந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். அழுத்தி எடுத்தால் தோல் ஒரு கணம் வெளுத்துப் பிறகு சிவக்க வேண்டும். வெளுக்கவில்லை. "இது படுக்கைப் புண்ணின்ட தொடக்கம். கீழே கையை விட்டுப் பாருங்க, விரிப்பு நனைஞ்சு கிடக்கு. அழுத்தமும் சூடும் ஈரமும் சேர்ந்தா தோல் தாங்காது" என்றார்.

அன்றிரவு நான் தூங்கவில்லை. தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான மெத்தைகளை அழுத்திப் பார்த்தவன், என் உம்மாவின் முதுகின் கீழே ஒருநாளாவது கையை விட்டுப் பார்க்கவில்லை. அதன்பிறகு நான் யோசித்ததையும் மாற்றிச் செய்ததையும் இங்கே எழுதுகிறேன். நோயாளி இல்லாத வீட்டுக்கும் இது பொருந்தும். கிழக்கின் ஏப்ரல் மாத இரவில் புரண்டு புரண்டு படுக்காதவர் யார்?

உறங்கும் உடலின் கணக்கு

தூங்கும் மனிதனின் உடலும் சும்மா இருப்பதில்லை. வளர்ந்த ஒருவரின் உடல் உறக்கத்தில் ஏறத்தாழ 70 வாற்று வெப்பத்தை வெளிவிடுகிறது. முன்பு நாம் பாவித்த குண்டு மின்குமிழ் ஒன்றை இரவு முழுக்கப் போர்வைக்குள் எரியவிட்டதற்குச் சமம் இது. அதோடு, நல்ல உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் ஏறத்தாழ 1 பாகை செல்சியஸ் இறங்க வேண்டும். அந்த வெப்பம் தோல் வழியாக வெளியே போனால்தான் உறக்கம் பிடிக்கும்.

வெப்பம் வெளியேற இரண்டு பக்கம் உண்டு. மேல் பக்கம் காற்றைப் பார்த்திருக்கிறது. அங்கே மின்விசிறி உதவும். கீழ்ப் பக்கம் மெத்தையைப் பார்த்திருக்கிறது. அங்கே மின்விசிறியின் காற்று போகாது. ஆரோக்கியமானவர் சூடு தாங்காமல் புரண்டு படுப்பார். கீழே இருந்த முதுகு மேலே வந்து காயும். உம்மாவால் புரள ஏலாது. ஒரே முதுகு ஒரே இடத்தில் மணிக்கணக்காக வெந்துகொண்டிருந்தது.

எமது ஊர்களில் இரவு அறையின் வெப்பநிலையே 29, 30 பாகையில் நிற்கும் காலங்கள் உண்டு. தோலின் வெப்பநிலை 33 முதல் 35 பாகை. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் இவ்வளவு சிறிதாக இருக்கும்போது, வெப்பம் தானாகக் கடத்தப்பட்டுப் போவது மெதுவாகவே நடக்கும். மிச்ச வேலையை வியர்வைதான் செய்ய வேண்டும். 1 கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2,400 யூல் வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. ஆனால் அது *ஆவியாக* வேண்டும். மெத்தைக்கும் முதுகுக்கும் நடுவில் தேங்கி நிற்கும் வியர்வை எதையும் குளிர்விக்காது. தோலை ஊறவைக்கும், அவ்வளவுதான்.

இரண்டு வேலைகள், ஒன்றுக்கொன்று பகை

மெத்தைக்கு இரண்டு வேலை உண்டு. ஒன்று, உடலின் பாரத்தைப் பரப்பித் தாங்குவது. மற்றது, உடலின் சூட்டையும் ஈரத்தையும் போகவிடுவது. மெத்தை வடிவமைப்பில் உள்ள சிக்கல் முழுவதும், இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று பகையானவை என்பதில் அடங்கிவிடுகிறது.

வெறும் தரையில் மல்லாந்து படுத்தால் தலையின் பின்புறம், தோள்பட்டை, இடுப்பின் அடி, குதிகால் என்று சில இடங்கள்தான் தரையைத் தொடும். பாரம் முழுவதும் அந்தச் சில இடங்களில் இறங்கும். அங்கே சிறு இரத்தக் குழாய்கள் நசுங்கும். ஆனால் இடுப்பு வளைவின் கீழும் முழங்காலின் கீழும் காற்று புகும்.

மென்மையான மெத்தையில் உடல் அமிழ்கிறது. தொடும் பரப்பு கூடுகிறது, பாரம் பரவுகிறது, எலும்பு நோகாது. ஆனால் அமிழ்ந்த அளவுக்கு உடலைச் சுற்றி மெத்தை மூடிக்கொள்கிறது, காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. மென்மை கூடக் கூட சூடும் கூடும். "மென்மையாகவும் இருக்க வேண்டும், குளிராகவும் இருக்க வேண்டும்" என்று கேட்பவர், இரண்டு எதிர்ப்பக்கங்களில் இழுக்கும் மாடுகளை ஒரே வண்டியில் பூட்டச் சொல்கிறார். பூட்டலாம். ஆனால் எந்த மாட்டை எவ்வளவு விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

கடையில் கை வைத்தால் குளிர்வது ஏன்?

காலையில் எழுந்து வுழூச் செய்யப் போகும்போது குழாயின் உலோகத்தைத் தொட்டுப் பாருங்கள். பிறகு மரக் கதவைத் தொட்டுப் பாருங்கள். குழாய் குளிரும், கதவு குளிராது. இரண்டும் இரவு முழுக்க ஒரே காற்றில் நின்றவை, ஒரே வெப்பநிலை. உலோகம் கையின் சூட்டை வேகமாக இழுக்கிறது, மரம் மெதுவாக இழுக்கிறது. நமது தோலுக்குத் தெரிவது அந்த வேகம் மட்டுமே.

மெத்தையின் மேற்பரப்பில் ஜெல் கலந்த படை ஒன்றைச் சேர்த்தால் கடையில் கை வைக்கும்போது அதே ஏமாற்று நடக்கிறது. முதல் சில நிமிடங்கள் சூட்டை வேகமாக இழுக்கும். அதன்கீழ் இருக்கும் பஞ்சு அந்தச் சூட்டை மேலும் கடத்தாவிட்டால் ஜெல் உடலின் சூட்டுக்கு வந்து நின்றுவிடும். பிறகு குளிர இடமில்லை. நான் ஏமாந்தது இங்கேதான். கையால் அரை நிமிடம் தொட்டுப் பார்த்து, உம்மா இரவும் பகலும் கிடக்கப்போகும் படுக்கையைத் தெரிவு செய்தேன்.

இன்னொரு வகை இருக்கிறது: உருகும் மெழுகு நுண்துணிக்கைகளைத் துணியில் பூசுவது. மெழுகு உருகும்போது வெப்பத்தை உறிஞ்சும் என்பது இதன் தத்துவம். உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். இந்த வகை மெழுகு 1 கிராம் உருகும்போது எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 200 யூல். ஓர் உறையில் 100 கிராம் மெழுகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 யூல். உடலிலிருந்து 20 வாற்று மெத்தைப் பக்கம் இறங்குகிறது என்றால், ஏறத்தாழ 17 நிமிடத்தில் அந்த மெழுகு முழுக்க உருகி முடிந்துவிடும். சுபஹ் வரைக்கும் எது குளிர்விக்கும்?

அதைவிடப் பெரிய சங்கதி ஒன்று. இவற்றில் பாவிக்கப்படும் ஒக்டாடெக்கேன் என்ற மெழுகு 28 பாகையில் உருகும். இரவு அறை 20 பாகையில் இருக்கும் குளிர்நாடுகளில் அது பகல் முழுக்க உறைந்து கிடந்து, ஆள் படுத்தபின் உருகும். எமது வீட்டு அறை 30 பாகை. நாம் படுப்பதற்கு முன்பே அது உருகிக் கிடக்கும்! விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவரவில்லை. வேறொரு காலநிலைக்குச் செய்த சாமானை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று சொல்கிறேன்.

1 கிராம் மெழுகு 200 யூல், 1 கிராம் வியர்வை 2,400 யூல். பன்னிரண்டு மடங்கு. மெழுகு ஒருமுறை உருகினால் தீர்ந்தது, வியர்வை தீராது. அல்லாஹ் உடலுக்குள்ளேயே வைத்த இந்தக் குளிர்விப்புக்கு வழிவிடும் மெத்தைதான் எமக்கு வேண்டியது.

உள்ளே இருப்பது என்ன?

சாதாரண 'போம்' மெத்தை பொலியுரேத்தேன் என்ற பொருளால் ஆனது. 1937 இல் ஜேர்மனியில் ஒட்டோ பேயர் குழுவினர் கண்டுபிடித்த இரசாயன முறையிலிருந்து வந்தது. இதே பொலியுரேத்தேனின் கடினமான வகையைத்தான் குளிர்சாதனப் பெட்டியின் சுவருக்குள் நிரப்புகிறார்கள், வெப்பம் கடக்காமல் இருப்பதற்கு. அதன் உறவுக்காரனை முதுகின் கீழ் போட்டுக்கொண்டு "ஏன் சுடுகிறது?" என்று நாம் கேட்கிறோம்.

'மெமரி ஃபோம்' எனப்படுவது 1966 இல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்துக்காக சார்ள்ஸ் யோஸ்ற் உருவாக்கியது. விமான ஆசனங்களுக்கென்று தொடங்கியது. உடல் சூட்டில் இளகி, உடலின் வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். பாரத்தைப் பரப்புவதில் கெட்டிக்காரன். ஆனால் அந்தக் கெட்டித்தனமே காற்றுக்கு வழி இல்லாமல் செய்துவிடுகிறது. உம்மாவுக்கு நான் வாங்கியது இந்த வகைதான், மேலே ஜெல்லோடு.

இறப்பர் பாலை நுரைக்க அடித்து அச்சில் வார்க்கும் முறை 1929 இல் பிரித்தானியாவின் டன்லொப் நிறுவனத்தில் உருவானது. நல்ல இறப்பர்பால் மெத்தையை வெட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாகத் துளைகள் தெரியும். அச்சில் இருக்கும் ஊசிகள் விட்ட தடம் அது. பதனிடும் சூடு நடுப்பகுதிக்கும் சமமாகப் போகவே அந்த ஊசிகள் வைக்கப்பட்டன. அதே துளைகள் பிறகு காற்று வழியாகவும் உதவுகின்றன. புரளும்போதெல்லாம் மெத்தை அமுங்கி எழும்பி, துளை வழியே காற்றைத் தள்ளி இழுக்கும்.

தும்பு வேறு மாதிரி. தென்னந்தும்பைச் சுருள வைத்து, இறப்பர் பால் தெளித்து, அழுத்திப் பதனிட்டால் இறப்பர்த் தும்புப் பாளம் கிடைக்கும். இரண்டு மூலப்பொருளும் இந்த நாட்டிலேயே விளைபவை. நாருக்கும் நாருக்கும் இடையில் வெளி இருப்பதால் காற்று தாராளமாகப் போய்வரும். ஆனால் கடினம். தனியே தும்பில் கிடத்தினால் மெலிந்த உடம்பின் எலும்பு நோகும். நபி (ஸல்) அவர்களின் படுக்கை, பேரீச்ச மர நார் நிரப்பிய தோலாக இருந்தது என்று ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்திருப்பதை நாமெல்லாம் கேட்டிருக்கிறோம். எளிமைக்கு உதாரணமாக அதைச் சொல்வோம். வெப்ப நாட்டு மனிதர் கைக்கு எட்டிய நாரால் படுக்கை செய்த அறிவும் அதில் இருக்கிறது.

இலவம் பஞ்சை மறக்க முடியாது. இலவம் நார் ஒவ்வொன்றும் மெல்லிய சுவர் கொண்ட குழாய். உள்ளே பெரும்பகுதி காற்று. மேலே இயற்கையான மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீரை இலேசில் குடிக்காது. முன்பு உயிர்காப்பு அங்கிகளுக்குள் இதைத்தான் அடைத்தார்கள். புதிதில் இலவம் பஞ்சு மெத்தை சுகம். நாளாக நாளாகப் பஞ்சு நசுங்கிக் கட்டியாகிவிடும். இடையிலிருந்த காற்றும் போய்விடும். அதனால்தான் மூத்தம்மா காலத்தில் அடிக்கடி மெத்தையை முற்றத்து வெயிலில் போட்டுத் தட்டினார்கள். அழுக்குப் போக்குவதற்கு மட்டுமல்ல. ஈரம் காய்ந்து பஞ்சு மறுபடி விரிவதற்கும்தான்.

மேலே விரிப்பது

உள்ளே எவ்வளவு நல்ல பொருள் இருந்தாலும், மேலே பொலித்தீன் இருந்தால் எல்லாம் வீண். எமது கிழக்கில் மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்துக் கட்டில் மெத்தை போடும் வழக்கம் இருக்கிறது. "புது மெத்தை பழுதாகிவிடும்" என்று அது வந்த பொலித்தீன் உறையைக் கழற்றாமலே மேலே விரிப்புப் போட்டு வருடக்கணக்காகப் படுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். மெத்தை பழுதாகவில்லை. படுத்தவர்களின் உறக்கம்தான் பழுதாகியது.

உம்மாவின் மெத்தையிலும் நாங்கள் றப்பர் சீற் போட்டிருந்தோம், சிறுநீர் இறங்கிவிடும் என்ற பயத்தில். நோயாளிக்கு அப்படி ஒரு தடுப்பு தேவைதான். ஆனால் தண்ணீரைத் தடுத்து நீராவியைப் போகவிடும் மெல்லிய உறைகள் இப்போது கிடைக்கின்றன. தண்ணீர்த் துளி புகமுடியாத அந்தப் படலத்தினூடாக ஆவி கடந்து போகும். விலை கூடுதல், றப்பர் சீற்றோடு ஒப்பிட்டால் அந்தக் காசு தகும்.

விரிப்புத் துணியிலும் வித்தியாசம் உண்டு. பருத்தி நார் சாதாரண காற்றில் தன் எடையில் ஏறத்தாழ 8 வீதம் ஈரத்தை உள்வாங்கி வைத்திருக்கும். பொலியெஸ்டர் அரை வீதத்துக்கும் குறைவு. வழவழவென்று மின்னும் பொலியெஸ்டர் விரிப்பு கடையில் குளிரும், நடுச்சாமத்தில் ஒட்டும். இழைகளை நெருக்கி நெய்த பட்டுப் போன்ற துணியைவிட, மருதமுனைக் கைத்தறிச் சாரனைப்போல ஒன்று விட்டு ஒன்று குறுக்கே போகும் சாதாரண நெசவில் வந்த பருத்தித் துணி எமது இரவுக்குப் பொருந்தும். பழஞ்சாரனை விரித்துப் படுத்த வாப்பாமார் காரணம் தெரியாமல் செய்யவில்லை.

பாய் ஏன் குளிர்கிறது?

உம்மா கேட்ட பாய் பன்பாய். வாவியோரத்திலும் சதுப்பிலும் வளரும் பன்னை வெட்டி, காயவைத்து, சாயமிட்டு எமது பெண்கள் இழைப்பது. உம்மாவும் இழைத்தவர்தான், அந்தக் கைதான் இப்போது இயங்கவில்லை.

நீரில் வேரூன்றி வாழும் இத்தகைய செடிகளின் தண்டுக்குள் காற்றறைகள் இருக்கும். வேருக்குக் காற்றுப் போவதற்கு அது இயற்கையின் ஏற்பாடு. பாயாக இழைத்தபிறகு அதன் மேடு பள்ளங்களில் காற்று தங்கி நகரும். பாய் மெல்லியது, அதன்கீழ் இருக்கும் சீமெந்துத் தரை சூட்டை இழுத்துக்கொண்டே இருக்கும் பெரிய பாளம். உடல் அமிழாததால் தொடும் பரப்பும் குறைவு. ஆக, பாய் குளிர்வதற்கான காரணத்தில் பாதி பாயில் இருக்கிறது, மீதி தரையில் இருக்கிறது. பாயை எடுத்து மெமரி ஃபோமின் மேல் விரித்தால் அந்த மீதி கிடைக்காது.

ஆனால் உம்மாவைப் பாயில் கிடத்த முடியுமா? புரள முடியாத, மெலிந்த உடம்பு. வால் எலும்பின் கீழ் இருக்கும் தோல் ஓர் இரவு தாங்காது. உம்மா கேட்டது சூட்டுக்குச் சரியான மருந்து, அழுத்தத்துக்குப் பிழையான மருந்து. நான் வாங்கியது அழுத்தத்துக்குச் சரி, சூட்டுக்குப் பிழை. இருவரும் பாதி சரி.

உம்மாவின் படுக்கை

கடைசியில் நாங்கள் செய்தது இது. கட்டிலின் முழுப்பலகையை எடுத்துவிட்டு இடைவெளி விட்ட சட்டங்கள் அடித்தோம். கீழிருந்து காற்று வர வேண்டும். அதன்மேல் 4 அங்குல இறப்பர்த் தும்புப் பாளம். அதன்மேல் 2 அங்குலத் துளையுள்ள இறப்பர்பால் படை. மென்மைக்கு அது போதும், அமிழ்வதற்குப் போதாது. அதன்மேல் ஆவி போகும் உறை. எல்லாவற்றுக்கும் மேல் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி விரிப்பு. ஈரம் பட்டால் உடனே மாற்ற நான்கு விரிப்பு கையிருப்பில். மின்விசிறியைக் கட்டிலின் மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் வைத்தோம்.

மிக முக்கியமானது மெத்தையில் இல்லை. 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை உம்மாவைப் பக்கம் மாற்றிக் கிடத்துவது. ராத்தாவும் நானும் மச்சாளும் முறை வைத்துச் செய்தோம். எந்த மெத்தையும் இதற்கு ஈடாகாது. காற்றறைகள் மாறி மாறி ஊதி இறங்கும் மின்சார மெத்தைகள் அழுத்தத்தை நன்றாகவே மாற்றிக் கொடுக்கும். ஆனால் அவற்றின் மேலுறை பிளாஸ்டிக்காக இருந்தால் வியர்வைப் பிரச்சினை அப்படியே நிற்கும். எதைப் பாவித்தாலும் திருப்பிக் கிடத்தும் கை வேண்டும், தாதியின் ஆலோசனையும் வேண்டும்.

மூன்று கிழமையில் சிவப்பு மறைந்தது. உம்மா இரவில் தொடர்ந்து நாலைந்து மணித்தியாலம் உறங்கத் தொடங்கினார். பக்கம் மாற்றும்போது "விடுங்கடா, நித்திரை கொள்ள" என்று ஏசினார். அந்த ஏச்சு எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

வாங்கப் போகிறவருக்கு

மெத்தைக் கடைக்குப் போனால் கையால் தொட்டு முடிவெடுக்காதீர்கள். வெட்கப்படாமல் 20 நிமிடம் படுத்துப் பாருங்கள். கடையில் குளிரூட்டி ஓடுகிறதா என்று கவனியுங்கள். உங்கள் வீட்டறை அப்படி இருக்காது. மேலுறைத் துணியில் வாயை வைத்து ஊதிப் பாருங்கள். மறுபக்கம் கையில் காற்றுப் படவேண்டும். உள்ளே என்ன என்று கேளுங்கள், சிப் இருந்தால் திறந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் பொலித்தீனைக் கழற்றி எறியுங்கள். கட்டிலின் அடியை சாமான்களால் அடைக்காதீர்கள். நல்ல வெயில் நாளில் மெத்தையை நிமிர்த்தி வையுங்கள்; இறப்பர்பால் மெத்தை என்றால் நேர் வெயில் ஆகாது, நிழலில் காற்றாட வையுங்கள். படுக்கையில் யாராவது நோயாளி இருந்தால், ஒவ்வொரு நாளும் அவர் முதுகின் கீழே உங்கள் கையை விட்டுப் பாருங்கள். சூடாகவும் ஈரமாகவும் இருந்தால், மெத்தை என்ன விலையாக இருந்தாலும் அது பிழையான மெத்தை.

அந்த விலை கூடிய மெத்தை இப்போது சாமான் அறையில் சுவரோடு சாய்ந்து நிற்கிறது. உம்மாவின் பன்பாயை அசருக்குப் பிறகு திண்ணையில் விரிப்போம். சாய்வு கொடுத்து அவரை அரை மணித்தியாலம் அதில் இருத்துவோம். இடது கையால் பாயின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருப்பார். "இந்த இழை தளர்ந்து கிடக்கு, இறுக்க வேணும்" என்பார்.